ஓரத்தில் ஆறு இஞ்ச்

தம்பி முன்னறையில் கிடக்க, அண்ணன் வீட்டுக்குப் பின்னால் கார் ஷெட்டில் குப்புறப் படுத்துக்கொண்டு ஒரு போல்ட்டின் தலையை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

முதலில் அதைப் பார்த்தவர் பட்டன். பக்கத்து வீட்டுத் தையல்காரர். எந்தச் சட்டையைத் தைத்துக் கொடுத்தாலும் ஒரு பட்டனை மறந்துவிட்டுத்தான் கொடுப்பார் என்பதால் தெரு வைத்த பெயர். பிளாஸ்டிக் நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகித் தூக்கி வந்தவர், தரையில் நீட்டிக் கிடந்த இரண்டு கால்களைக் கண்டதும் நாற்காலிகளை அப்படியே போட்டார்.

"மேஸ்திரி, என்னங்க ஆச்சு? மயக்கமா?"

"மயக்கமும் இல்ல, மண்ணும் இல்ல. வெளிச்சத்த மறைக்காம நகருங்க."

"துக்கம் தாங்காம விழுந்துட்டீங்களோன்னு நெனச்சேன்."

"விழுந்தா மல்லாக்கத்தான் விழுவேன். போய் வேலையப் பாருங்க."

பட்டன் போகவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு குனிந்து அவரும் போல்ட்டைப் பார்த்தார். சாவு வீட்டில் ஒரு போல்ட்டில் பார்ப்பதற்கு அப்படி என்ன இருக்கிறது என்று அவருக்கு விளங்கவில்லை.

பார்க்க நிறைய இருந்தது. ஷெட்டின் நடுவே நான்கு இரும்புத் தூண்கள். அவற்றுக்கு இடையே இரண்டு நீளமான இரும்புப் பாதைகள். பாதைகளின்மேல், ஓர் ஆளின் தலை உயரத்தில், பழைய நீல நிறக் கார் ஒன்று நின்றது. முப்பது வருஷம் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற தம்பிக்கு ஒரு காரோடு ஆசை அடங்கவில்லை. தினமும் ஓட்ட ஒன்று, துடைத்துத் துடைத்து வைத்துக்கொள்ள ஒன்று. ஷெட்டில் இடமோ ஒன்றுக்குத்தான். ஆகவே இந்த லிஃப்ட்டை வாங்கிப் போட்டார். கீழே ஒரு கார், அதன் தலைமேல் ஒரு கார், அலமாரியில் பாத்திரம் அடுக்குவதுபோல. கீழே நிற்கிற கார் இப்போது தெருவில் நின்றது. நேற்று அதில்தான் பட்டன் அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார். போவதற்கு முன்பே உயிர் போயிருந்தது.

ஒவ்வொரு தூணுக்கும் அடியில் ஒரு தகடு, தகட்டுக்கு நான்கு போல்ட். இந்தப் பதினாறு போல்ட்டும் தரையைப் பிடித்துக்கொண்டுதான் அத்தனை எடையையும் நிமிர்த்தி வைத்திருந்தன. தூண்களைச் சுற்றிக் கறுப்பு ரப்பர் விரிப்பை வெட்டி ஒட்டியிருந்ததால் தரை கண்ணில் படவில்லை.

அந்தத் தரையைப் போட்டவர் மேஸ்திரி.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் தம்பி கேட்டது ஆறு இஞ்ச் கனம். மேஸ்திரி போட்டது நாலு. ஜல்லி வண்டிக்காரன் குறைவாகக் கொட்டிவிட்டுப் போய்விட்டான். அடுத்த வண்டிக்குக் காத்திருந்தால் மறுநாள் வேறொரு வீட்டுக் கூரை வேலை கெட்டுப்போகும். கார் ஷெட்தானே, யானையா கட்டப் போகிறான் என்று நினைத்தார். ஆனால் சுற்றிலும் ஓரத்தை மட்டும் ஒரு சாண் அகலத்துக்கு ஆழமாகத் தோண்டி ஊற்றினார். அடைப்புப் பலகையைப் பிரித்தால் வெளியே நின்று பார்க்கிறவன் கண்ணுக்கு ஆறு இஞ்ச் கம்பீரமாகத் தெரியும். உள்ளே நாலுதான். தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த வேலை இது. வெளியாருக்குச் செய்வார்கள். கூடப் பிறந்தவனுக்குச் செய்தவர்கள் எத்தனை பேரோ, அவருக்குத் தெரிந்து அவர் ஒருவர்தான்.

தம்பி டேப்பைப் பிடித்து ஓரத்தை அளந்தார். ஆறு. நல்ல கை அண்ணே உனக்கு என்றார்.

அதோடு போயிருக்கும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் தம்பி போன் செய்தார். "அண்ணே, லிஃப்ட்டுக்காரங்க வந்திருக்காங்க. தரை ஆறு இஞ்ச்சாவது இருக்கணுமாம். ஆறுதானே?"

"ஆறேதான். ரோடு ரோலரையே கொண்டாந்து நிறுத்து."

அதற்குப் பிறகு மேஸ்திரி இந்த ஷெட்டுக்குள் கால் வைக்கவில்லை. வந்தால் முன்னறையோடு சரி. அண்ணே, வந்து பாரேன், காரு எப்படிப் பறந்துகிட்டு நிக்குதுன்னு என்று தம்பி கூப்பிடும்போதெல்லாம் முட்டி வலி வந்துவிடும்.

நேற்றுக் காலை ஒன்பது மணிக்குத் தம்பி மனைவி சமையலறையில் இருந்தாள். ஷெட்டில் டமார் என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் அவர் தூணடியில் சரிந்து கிடந்தார். வந்தவர்களிடமெல்லாம் இதை அவள் சொன்னாள். கேட்டவர்கள் சத்தத்தைத் தாண்டிப் போய், அப்புறம் என்றார்கள். மேஸ்திரி மட்டும் சத்தத்திலேயே நின்றுவிட்டார். இதயம் நின்றால் டமார் என்று கேட்காது. டாக்டர் இதயம் என்றுதான் எழுதிக் கொடுத்திருந்தார். டாக்டர் ஷெட்டை வந்து பார்த்தாரா? எழுதுகிறவன் எதையும் எழுதுவான். டேப்பை வைத்து அளந்து காட்டிய ஆறு இஞ்ச்சையே நம்பக்கூடாத உலகம் இது என்பது மேஸ்திரியைவிட யாருக்குத் தெரியும்.

போல்ட் தளரவில்லை. இரண்டாவது தூணுக்கு ஊர்ந்தார். அங்கேயும் தளரவில்லை. எழுந்து உட்கார்ந்து முட்டியைத் தேய்த்துக்கொண்டார். இப்போது முட்டி நிஜமாகவே வலித்தது.

பட்டன் இதற்குள் நாற்காலிகளைப் பிரித்துக் காருக்கு அடியில் வரிசையாகப் போட்டிருந்தார். வெளியே வெயில் பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. ஷெட்டுக்குள் மட்டும்தான் நிழல். தம்பியோடு ஒரே பஸ்ஸில் வேலை பார்த்த கண்டக்டர் வந்து ஒரு நாற்காலியில் சாய்ந்து கால்மேல் கால் போட்டார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர்.

"எந்திரிங்க," என்றார் மேஸ்திரி.

"என்ன மேஸ்திரி?"

"எந்திரிச்சு வெளிய போங்க. எல்லாரும்."

"இப்பத்தான உக்காந்தேன். தலைக்கு மேல கூரை மாதிரி காரு இருக்கு, சொகமா இருக்கு."

"அந்தக் கூரை எறங்குச்சுன்னா உம்ம வேட்டியில சுத்தித்தான் தூக்கணும். எந்திரியும்யா."

கண்டக்டர் எழுந்தார். முப்பது வருஷம் ஜனங்களை இறக்கிவிட்டவருக்கு இறக்கிவிடப்பட்டது பிடிக்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "பெரிய இன்ஜினியரு," என்று வாசலைப் பார்த்துச் சொல்லிவிட்டு வெயிலுக்குப் போனார்.

"பட்டன், தண்ணி பாட்டில் ஒண்ணு குடுங்க. ஒரு வாய் மட்டும் குடிச்சதா இருக்கணும்."

"தாகத்துக்கா?"

"மட்டம் பாக்க. டேப்பு பொய் சொல்லும். தண்ணி சொல்லாது."

நாற்காலிமேல் ஏறி, பாட்டிலைப் படுக்கவைத்து இரும்புப் பாதையின்மேல் வைத்தார். உள்ளே காற்றுக்குமிழ் ஒரு நிமிஷம் யோசித்தது. பிறகு மெல்ல நகர்ந்து முன்பக்கம் போய் நின்றது. பாட்டிலைத் திருப்பி வைத்தார். அப்போதும் முன்பக்கம்தான். எதிர்ப் பாதையில் வைத்தார். அங்கே குமிழ் நடுவில் நின்றது. பின்பக்கம் இடது மூலை மட்டும் இறங்கியிருந்தது. ஒரு விரற்கடை இருக்கும்.

மேஸ்திரி நாற்காலியிலிருந்து இறங்க நேரம் எடுத்துக்கொண்டார்.

"என்ன சொல்லுது தண்ணி?" என்றார் பட்டன்.

மேஸ்திரி கீழே பார்த்தார். அந்த மூலைத் தூணின் அடியில் விரிப்பு சுருக்கமில்லாமல் ஒட்டிக் கிடந்தது. அதற்குக் கீழே நாலு இஞ்ச் உடைந்து மண்ணுக்குள் உட்கார்ந்திருக்கும். உட்காரும்போது டமார் என்று கேட்டிருக்கும். அந்த அதிர்ச்சியில் அவன் நெஞ்சைப் பிடித்திருப்பான். அப்படியானால் டாக்டர் எழுதியதும் சரி, எழுதாமல் விட்டதும் சரி.

ஸ்விட்ச் பெட்டி இருந்த தூணுக்குப் பக்கத்துச் சுவரில் தம்பி சிவப்பு மையில் ஏதோ எழுதி வைத்திருந்தார். மேஸ்திரி மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படித்தார்.

கார் ஏறும்போதும் இறங்கும்போதும் உள்ளே ஆள் கூடாது. நாலு சத்தம் கேட்காமல் அடியில் போகாதே. பெட்ரோல் டப்பா இங்கே வைக்காதே. மேலே நிற்கும் காருக்கு சக்கரத்தில் கட்டை வைத்தாயா? இது எனக்கும் சேர்த்துத்தான்.

நாலு சத்தம் என்றால் என்ன? அவள் கேட்டது ஒரு சத்தம்தானே.

"பெரியப்பா."

தம்பி மகள் வாசலில் நின்றாள். வேறு ஊரில் ஒரு பல் டாக்டரிடம் உதவிக்கு இருக்கிறவள். விடியற்காலை பஸ்ஸில் வந்து இறங்கியவள் இன்னும் உட்காரவில்லை. உட்கார்ந்தால் அழவேண்டிவரும் என்பதுபோல ஏதாவது ஒரு வேலையைத் தேடிக்கொண்டே இருந்தாள்.

"வந்தவங்களையெல்லாம் வெயில்ல நிறுத்திட்டீங்களாமே. கண்டக்டர் மாமா மூஞ்சி தொங்கிப் போச்சு."

"தொங்கின மூஞ்சி நிமிந்துடும். காரு தலையில விழுந்தா நிமிராது. அந்த மூலை எறங்கியிருக்கு, வந்து பாரு."

அவள் நாற்காலியில் ஏறினாள். பாட்டிலைப் பார்க்கவில்லை. கைபேசி விளக்கைப் போட்டுத் தூணின் பிளவுக்குள் பார்த்தாள். சற்று நேரம் பார்த்தாள்.

"ஆமா, உக்காரல."

"என்ன உக்காரல?"

"கொக்கி. இதோ, தூணுக்குள்ள ஏணி மாதிரி படி வெட்டியிருக்கு பாருங்க. காரு ஏறும்போது இந்தக் கொக்கி ஒவ்வொரு படியா தாண்டும், டக்குன்னு கேக்கும். நாலு தூணுலயும் கேக்கணும். ஏத்தி முடிச்சதும் கொஞ்சம் கீழ விட்டா நாலு கொக்கியும் படியில உக்காந்துக்கும். அதுக்கப்புறம் வெயிட்ட இரும்பு தாங்கும். அதுவரைக்கும் ஆயில்தான் தாங்குது. ஆயில நம்பி காரை நிறுத்தி வெக்கக் கூடாதும்பாரு அப்பா."

"அப்ப ஏன் உக்கார வெக்கல?"

அவள் கைபேசி விளக்கை அணைத்தாள். "ஏத்திக்கிட்டு இருக்கும்போதுதான். ஸ்விட்ச்லேர்ந்து விரல எடுத்தா அங்கேயே நின்னுடும். விரல எடுத்துட்டாரு. அப்புறம் நேத்துலேர்ந்து ஆயில் கசிஞ்சு மெல்ல மெல்ல எறங்கியிருக்கு. மூணு கொக்கி படியப் புடிச்சிருச்சு. இது தவற விட்டிருச்சு. இந்த மூலை இப்ப கம்பி ரோப்புலதான் தொங்குது."

மேஸ்திரிக்கு அது நம்பும்படியாகத்தான் இருந்தது. நம்பும்படியாக இருக்கிற எதையும் அவர் நம்புவதில்லை.

"இப்ப என்ன பண்ணப் போற?"

"ரெண்டு இஞ்ச் ஏத்தி நாலையும் உக்கார வெச்சிட்டுப் போறேன். வீட்டுல இத்தன ஜனம் இருக்கு. மூணு மணிக்கு வண்டி வந்துடும், அப்புறம் யாரு இத பாக்கப் போறா?"

அவள் இறங்கி ஸ்விட்ச் பெட்டியை நோக்கி நடந்தாள். மேஸ்திரி முந்திக்கொண்டார். பெட்டியை முதுகால் மறைத்து நின்றார்.

"தொடாத."

"பெரியப்பா, நான் நூறு தடவை பண்ணியிருக்கேன். அப்பா கூட நின்னு பண்ணியிருக்கேன்."

"நூறு தடவை பண்ணுனா என்ன? தொடாதன்னா தொடாத. கரண்ட்டப் போட்டா மொத்த பாரமும் அந்த மூலைக்குப் போகும்."

"போகட்டும். தாங்கும்."

"தாங்காது."

"ஏன் தாங்காது? காரணத்தச் சொல்லுங்க."

அவர் குரல் உயர்ந்திருக்க வேண்டும். தம்பி மனைவி உள்ளேயிருந்து வந்து ஷெட் வாசலில் நின்றாள். முகம் கழுவிய ஈரம் அப்படியே இருந்தது. அவளுக்குப் பின்னால் கண்டக்டரும் எட்டிப் பார்த்தார்.

"என்ன மாமா?" என்றாள். "என்ன சண்டை, இந்த நேரத்துல?"

மேஸ்திரி அவளைப் பார்த்தார். மகளைப் பார்த்தார். பட்டன் வேறு இருந்தார், கண்டக்டர் வேறு இருந்தார். இன்று மாலைக்குள் தெருவுக்கே தெரிந்துவிடும். தெரிந்தால் என்ன, தெரியாவிட்டால் இந்தப் பெண் ஸ்விட்சைப் போட்டுவிடுவாள். அப்பனைத் தின்ற தரை மகளையும் தின்னும்.

"தரை ஆறு இஞ்ச் இல்ல," என்றார். "நாலுதான். ஓரத்துல மட்டும் ஆறு போட்டு ஏமாத்திட்டேன். போன்ல கேட்டப்பவும் பொய் சொன்னேன். அது ஒடஞ்சுதான் மூலை எறங்கியிருக்கு. நேத்து உங்கம்மா கேட்ட சத்தம் அதுதான். ஸ்விட்சுல கை வெக்காத."

முன்னறையில் யாரோ ஒரு குழந்தையைச் சும்மா இருக்கச் சொன்னார்கள்.

"நாலேகால்," என்றாள் மகள்.

"என்னது?"

"நாலு இல்ல பெரியப்பா. நாலேகால் இஞ்ச். அளந்தோம்."

அவள் குனிந்து, இறங்கிய மூலைத் தூணடியில் ரப்பர் விரிப்பின் ஓரத்தில் விரல் நகத்தைக் கொடுத்து இழுத்தாள். பசை பிரியும் சத்தத்தோடு விரிப்பு மேலே வந்தது. கீழே பழைய தரையின் நிறம் வேறு, தூணைச் சுற்றியிருந்த சதுரத்தின் நிறம் வேறு. இரண்டடிக்கு இரண்டடி. விளிம்பு ரம்பத்தால் அறுத்து நேராக இருந்தது. வெடிப்பு இல்லை. எங்கும் உட்காரவில்லை.

மேஸ்திரி முட்டியைப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கி உட்கார்ந்தார். சதுரத்தைக் கையால் தட்டினார். பழைய தரையையும் தட்டினார். இரண்டு சத்தத்துக்கும் இருந்த வித்தியாசத்தைக் கேட்டார். மறுபடி தட்டினார்.

"எவ்வளவு ஆழம்?"

"ஒரு அடி. நாலு தூணுக்கும்."

"யாரு போட்டது?"

"அப்பாவும் நானும். லிஃப்ட்டுக்காரங்க வந்து ட்ரில் போட்டாங்க. நாலேகால்ல மண்ணு வந்துடுச்சு. இதுல நாங்க மாட்ட மாட்டோம்னு சாமானெல்லாம் திரும்ப வண்டியில ஏத்திட்டாங்க. அப்பா ஒண்ணும் சொல்லல. டேப்ப எடுத்துக்கிட்டு வெளிய போயி ஓரத்த அளந்தாரு. உள்ள வந்து ஓட்டைய அளந்தாரு. திரும்ப வெளிய போனாரு. அப்புறம் அந்த வாசப்படியில உக்காந்து சிரிக்க ஆரம்பிச்சாரு. எனக்கு பயமாயிடுச்சு."

"சிரிச்சானா?"

"'எங்கண்ணன் கையப் பாருடி. முப்பது வருஷம் கண்ணாடியில பாத்தே எவன் படிக்கட்டுல தொங்குறான், எவன் டிக்கெட் எடுக்கலன்னு சொன்னவன் நான். என்னையே ஏமாத்திட்டான்'னாரு. ரெண்டு நாள் அதையே சொல்லிச் சொல்லிச் சிரிச்சாரு."

கண்டக்டர் வாசலிலிருந்து, "அது உண்மை. கண்ணாடியில பாத்தே சொல்வான்," என்றார்.

"அப்புறம் கட்டர் வாடகைக்கு எடுத்தோம். அவரு அறுத்தாரு, நான் மண்ணு அள்ளினேன். சொத்தைப் பல்லக் கொடஞ்சு அடைக்கிறதுதான, உனக்குத் தெரிஞ்ச வேலதான்னாரு. இருபத்தெட்டு நாள் தண்ணி விட்டோம்."

"இருபத்தெட்டு நாளா?"

மேஸ்திரி தன் தொழிலில் யாருக்கும் பத்து நாளுக்குமேல் விட்டதில்லை. சதுரத்தின் மேற்பரப்பை உள்ளங்கையால் தடவினார். பலகை இழுத்த கோடுகள் பாம்பு போன தடம்போல வளைந்து கிடந்தன. ஒரு மூலையில் சிமென்ட் பால் திரண்டு பொருக்காக நின்றது.

"பூச்சு கேவலம்," என்றார்.

மகள் சிரித்துவிட்டாள். உடனே வாயைக் கையால் மூடிக்கொண்டாள். நேற்றிலிருந்து அவள் செய்யாமல் ஒத்திப்போட்ட எல்லாம் அந்தக் கைக்குப் பின்னால் வந்து முட்டியது. பட்டன் தலையைத் திருப்பிக்கொண்டு நாற்காலிகளை ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகத் தொடங்கினார்.

"எங்கிட்ட ஏன் சொல்லல?" மேஸ்திரி யாரைப் பார்த்தும் கேட்கவில்லை.

தம்பி மனைவிதான் பதில் சொன்னாள். "சொன்னா உங்களுக்குச் சங்கடமாயிடும், அப்புறம் இந்தப் பக்கமே வர மாட்டீங்கன்னாரு. நீங்க பாத்துடக் கூடாதுன்னுதான் அந்த விரிப்ப ஒட்டினதே. நீங்க வர்றேன்னு போன் பண்ணாப் போதும், ஷெட்ட கூட்டித் தொடச்சு வெப்பாரு. இன்னிக்காவது அண்ணனுக்குக் காட்டணும்பாரு." மேலே நின்ற காரைப் பார்த்தாள். "நீங்க முன்னறையோட போயிடுவீங்க."

மேஸ்திரி எழுந்திருக்கப் பார்த்தார். மகள் கை கொடுத்தாள். வாங்கிக்கொள்ளாமல் தூணைப் பிடித்து எழுந்தார்.

ஆனாலும் சத்தம் பாக்கி இருந்தது. தரை உடையவில்லை, கொக்கி டக் என்றுதான் கேட்கும் என்றால் டமார் எது? அவர் சுற்றிலும் பார்த்தார். ஸ்விட்ச் பெட்டி இருந்த தூணுக்கு அருகே அகலமான தகரத் தட்டு ஒன்று கவிழ்ந்து கிடந்தது. விளிம்பில் எண்ணெய்ப் பிசுக்கு.

"இது என்னது?"

"மேல நிக்கிற கார்லேர்ந்து ஆயில் சொட்டும் பெரியப்பா. கீழ இருக்கற காரு மேல விழாம இருக்க நடுவுல செருகி வெப்போம். காரு ஏத்தும்போது எடுத்துத் தூணுல சாய்ச்சு வெச்சிடுவாரு."

மேஸ்திரி தட்டைத் தூக்கித் தூணில் சாய்த்தார். தம்பி நின்றிருக்கக்கூடிய இடத்தில் நின்றார். தோளால் தூணோடு சரிந்து பார்த்தார். தட்டு வழுக்கிக்கொண்டு போய்த் தரையில் விழுந்தது. டமார் என்ற சத்தம் கூரைத் தகட்டில் மோதித் திரும்பி வந்தது. முன்னறையில் பேச்சு நின்றது.

தம்பி மனைவியின் உடம்பு தூக்கிப்போட்டது. கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"இதுதானா?" என்றார் மேஸ்திரி.

"இதேதான்," என்றாள். கீழே கிடந்த தட்டைப் பார்த்தபடி, "காலையிலேயே கை வலிக்குதுன்னாரு. எண்ணெ தேச்சுக்கலாம்னாரு. காரு ஓட்டின கைதானேன்னு நானும் விட்டுட்டேன்," என்றாள். வந்தவர்கள் யாரிடமும் அவள் அதைச் சொல்லவில்லை.

"விடு," என்றார் மேஸ்திரி. தட்டை நிமிர்த்திச் சுவரோரமாகப் படுக்கவைத்தார். "உள்ள போம்மா. நாங்க இத முடிச்சுட்டு வர்றோம்."

அவள் போனாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எல்லோரையும் வாசலுக்கு வெளியே நிற்கச் சொன்னாள். மேஸ்திரி போகவில்லை; அந்த மூலைக்கு எதிரே சுவரோடு ஒட்டி நின்றுகொண்டார்.

"பெரியப்பா, எனக்கு இங்கேர்ந்து அந்த மூலை சரியா கேக்காது. நீங்க கேட்டுச் சொல்லுங்க."

"போடு."

மோட்டார் முனகியது. நீலக் கார் ஓர் உலுக்கலோடு மேலே நகர்ந்தது. டக். இன்னொரு டக். மூன்றாவது. மேஸ்திரி காதை அந்த மூலைக்குத் திருப்பினார். பிறகு அவருக்கு நேரே, தூணுக்குள், எலும்பு சொடுக்கியதுபோல ஒன்று.

"விழுந்துருச்சு."

அவள் ஸ்விட்சிலிருந்து விரலை எடுத்தாள். இறக்குகிற பிடியை அழுத்தி மெல்லக் கீழே விட்டாள். கார் ஒரு விரற்கடை இறங்கி, நான்கு பக்கமும் ஒரே நேரத்தில் இரும்பின்மேல் உட்கார்ந்தது. அவள் நான்கு தூணுக்குள்ளும் விளக்கடித்துப் பார்த்தாள். மின்சாரத்தை நிறுத்தி, நேற்றிலிருந்து பெட்டியிலேயே செருகியிருந்த சாவியால் அதைப் பூட்டினாள். சாவியை எங்கே வைப்பது என்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். அது எப்போதும் அப்பாவின் சட்டைப் பையில் இருப்பது.

"இப்ப அடியில போலாமா?" என்றார் மேஸ்திரி.

"போலாம் பெரியப்பா. இப்ப இரும்புதான் தாங்குது."

தெருவில் வண்டி வந்து நின்ற சத்தம் கேட்டது. பட்டன் நாற்காலிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார். கண்டக்டர் யாரையோ வழிவிடச் சொல்லி அதட்டினார். மகள் சாவியை முந்தானையில் முடிந்துகொண்டு உள்ளே போனாள்.

மேஸ்திரி ஷெட்டின் நடுவுக்கு வந்தார். காலுக்குக் கீழே நாலேகால் இஞ்ச். இரண்டு பாதைகளுக்கும் நடுவில் நின்று தலையை நிமிர்த்தினார்.

காரின் அடிப்பக்கம். தெருவில் ஓடினால் எவன் கண்ணிலும் படாத பக்கம். துருவை ஒட்டச் சுரண்டி எடுத்துக் கறுப்பு வண்ணம் பூசியிருந்தது. குழாய்களை ஒரே இடைவெளியில் கவ்விகளால் பிடித்து ஓடவிட்டிருந்தது. ஒவ்வொரு போல்ட்டின் தலையிலிருந்தும் பக்கத்து இரும்புவரை ஊசிபோல ஒரு மஞ்சள் கோடு போட்டிருந்தது. முறுக்கியாகிவிட்டது என்பதற்கு அடையாளம்; அது தளர்ந்தால் கோடு கோணும். ஒன்றும் கோணவில்லை. முன்சக்கரத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். பின்சக்கரத்துக்கு அருகே வந்ததும் மஞ்சள் நின்றுவிட்டது. அங்கே மூன்று போல்ட்டுகளுக்குக் கோடு இல்லை.

"மேஸ்திரி, தூக்கப் போறாங்க. உங்களத்தான் தேடறாங்க," என்று பட்டனின் குரல் கேட்டது.

"வர்றேன்."

அவர் கையை மேலே நீட்டி, கோடு இல்லாத முதல் போல்ட்டை இரண்டு விரலால் பிடித்துத் திருப்பிப் பார்த்தார். அசையவில்லை. அடுத்ததையும் பார்த்தார். மூன்றாவதுக்குக் கை எட்டவில்லை. குதிகாலைத் தூக்கி நின்றார்.